பின்பெஞ்சில் ஒருவர்: பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கக் கிழக்கேகோட்டையில் பழகுவது

ஆங்கிலம் கற்பிக்கப் பயிற்சி தருகிறோம் என்று யார் சொன்னாலும், பணம் கட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "நிஜமான மாணவர்கள் முன்னால் என்னை எத்தனை மணி நேரம் நிற்கவைப்பீர்கள்? அப்போது பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக் குறை நிறை சொல்லப்போவது யார்?" இதற்கு நேரான பதில் வராத இடத்தில் உங்களுக்குச் சான்றிதழ் கிடைக்கும், கொஞ்சம் இலக்கணமும் கிடைக்கும். கற்பிக்க வராது.

பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்போருக்கென்று உலக அளவில் மதிப்புள்ள சான்றிதழ்கள் இரண்டு. கேம்பிரிட்ஜ் வழங்கும் செல்டா ஒன்று, லண்டன் டிரினிட்டி கல்லூரி வழங்கும் செர்ட்-டெசால் மற்றொன்று. முதலாவதற்குக் குறைந்தது 120 மணி நேரம், இரண்டாவதற்கு 130 மணி நேரம். இரண்டுக்கும் உயிர்நாடி அதற்குள் இருக்கும் ஆறு மணி நேரம்தான். அந்த ஆறு மணி நேரமும் நீங்கள் நிஜமான மாணவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டும். பயிற்றுநர் பார்த்து மதிப்பிடுவார். உடன் பயில்பவர்களும் பார்ப்பார்கள். பாடம் முடிந்ததும் அதைப் பிரித்துப்போட்டுப் பேசுவார்கள். ஜான் ஹேகிராஃப்டும் அவர் மனைவி பிரிட்டாவும் 1962-இல் லண்டனில் இரண்டு வாரப் பயிற்சியாகத் தொடங்கியதன் வழிவந்ததுதான் இன்றைய செல்டா. அன்றைக்கே அதன் புதுமை இந்தப் 'பார்க்கப்படும் வகுப்பு'தான். செல்டாவை இப்போது இணையவழியாகவும் படிக்கலாம். கட்டணம் மட்டும் நம் ஊர்ச் சம்பளத்துக்குக் கனமானது.

இந்தியாவுக்குள் பார்த்தால் ஐதராபாத்தின் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிப் பல்கலைக்கழகம் முக்கியமானது. 1958-இல் மத்திய ஆங்கில நிறுவனமாகத் தொடங்கி, 2007-இல் மத்தியப் பல்கலைக்கழகமானது. ஆங்கிலம் கற்பித்தலுக்கென்றே முதுநிலைச் சான்றிதழும் பட்டயமும் தருகிறது. திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவிலும் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிப்பதற்கு ஒரு சான்றிதழ்ப் படிப்பு உண்டு; அதன் மண்டல மையம் திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது. இவற்றைப் படித்தால் ஏட்டறிவு கெட்டிப்படும், ஐயமில்லை. ஆனால் தொலைநிலையில் எதைப் படித்தாலும், ஆட்கள் முன்னால் நிற்கும் நேரத்தை நீங்களாகத்தான் தேடிக்கொள்ள வேண்டும். இணையத்தில் சினிமா டிக்கெட் விலைக்கு விற்கும் '120 மணி நேர டெஃபல்' சான்றிதழ்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்ற ஒரு வரி போதும்.

எனவே இந்த அத்தியாயம் அந்த ஆறு மணி நேரத்தைப் பற்றியது. செல்டாவில் சேரப்போகிறவர் அதற்கு முன்பாகவும், சேர வசதியில்லாதவர் அதற்குப் பதிலாகவும், திருவனந்தபுரத்தின் கிழக்கேகோட்டையைச் சுற்றி அதை எப்படி ஈட்டுவது என்று பார்ப்போம்.

ஏன் கிழக்கேகோட்டை

திருவனந்தபுரத்தில் முறையான ஆங்கிலக் கல்வியைத் தொடங்கிவைத்தவர் நாகர்கோவிலிலிருந்து வந்தவர். அங்கே ஆங்கிலப் பள்ளி நடத்திவந்த ஜான் ராபர்ட்ஸை 1834-இல் திருவிதாங்கூர் மகாராஜா சுவாதித் திருநாள் தலைநகருக்கு வரவழைத்தார். அந்தப் பள்ளிதான் வளர்ந்து பாளையத்தில் இன்றுள்ள பல்கலைக்கழகக் கல்லூரி ஆனது. நாகர்கோவிலிலிருந்து காலை ரயிலில் வந்து தம்பானூரில் இறங்கிக் கிழக்கேகோட்டைக்கு நடக்கும் தமிழ் இளைஞர்கள் இந்தச் செய்தியைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. வெளியூர்க்காரன் இங்கே ஆங்கிலம் சொல்லித்தரலாமா என்ற தயக்கம் குறையும்.

இங்கே மாணவர்களைத் தேடி அலைய வேண்டாம். ஒரு பக்கம் பத்மநாபசுவாமி கோயில், எதிரே நகரப் பேருந்து நிலையம், பழவங்காடி கணபதி கோயில், காந்தி பூங்கா. இன்னொரு பக்கம் கிள்ளிப்பாலம் நோக்கி நீளும் சாலைக் கம்போளம் என்னும் கடைவீதி. எழுத்தாளர் ஆ. மாதவனின் கடைத்தெருக் கதைகளைப் படித்தவர்களுக்கு அந்தத் தெருவின் தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு காதில் விழும். திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்து அண்ணாச்சிகள், அவர்கள் கடைப் பையன்கள், ஜவுளிக்கடையில் நிற்கும் சேச்சிகள், கோயில் வாசலில் வேட்டி விற்பவர்கள், செருப்பும் பையும் வாங்கி வைப்பவர்கள், ஆட்டோக்காரர்கள், வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த மூட்டை தூக்கும் தொழிலாளர்கள். இத்தனை பேருக்கும் அன்றாடம் ஆங்கிலத்தோடு ஏதோ ஓர் உரசல் இருக்கிறது. வடநாட்டுப் பயணியும் வெள்ளைக்காரரும் வந்து நிற்கும்போது இரண்டு நிமிடம் சமாளித்தாக வேண்டும். அந்த இரண்டு நிமிடம்தான் உங்கள் பாடத்திட்டம்.

இடம் கிடைப்பதும் கடினமில்லை. கேரளத்தில் பரவலாக இருக்கும் கிரந்தசாலைகள் என்னும் பொது நூலகங்கள், நூலக இயக்க முன்னோடி பி. என். பணிக்கரின் காலத்திலிருந்தே படிப்பு சொல்லித்தருவதைத் தங்கள் வேலையாக நினைப்பவை. செயலாளரிடம் போய், வாரம் இரண்டு நாள், ஒரு மணி நேரம், கட்டணம் வாங்கமாட்டோம் என்று சொல்லுங்கள். நோட்டீஸ் ஒட்டக்கூட அவர்களே இடம் காட்டுவார்கள். மாநில எழுத்தறிவு இயக்கமான சாட்சரதா மிஷன் 'குட் இங்கிலீஷ்' என்ற பெயரில் பெரியவர்களுக்கான சான்றிதழ்ப் படிப்பு நடத்துகிறது; உங்கள் வார்டுப் பொறுப்பாளரான பிரேரக்கைப் பார்த்தால், படிக்க ஆசை இருந்தும் சேராதவர்கள் யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

தனியாகத் தொடங்காதீர்கள். நான்கு பேர் சேருங்கள். ஒரு மணி நேர வகுப்பில் ஒருவர் நாற்பது நிமிடமும் இன்னொருவர் இருபது நிமிடமும் நடத்த, மற்ற இருவர் பின்னால் உட்கார்ந்து எழுத வேண்டும். மூன்று பேர் என்றாலும் நடக்கும். இரண்டு பேர் என்றால் அது நட்பாகிவிடும். ஒருவரை ஒருவர் குறை சொல்லமாட்டீர்கள்.

யார் எந்தப் படியில்

இங்கே வருகிறவர்களில் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியவர்கள் குறைவு. பெரும்பாலோர் எஸ்.எஸ்.எல்.சி. வரையாவது ஆங்கிலம் படித்தவர்கள், பாஸும் செய்தவர்கள். செயப்பாட்டு வினைக்கு மாற்றச் சொன்னால் பலர் மாற்றிவிடுவார்கள். வாயைத் திறந்து பேசச் சொன்னால் எழுந்து போய்விடுவார்கள். எழுத்துத் தேர்வு வைத்துத் தரம் பிரித்தால் நீங்கள் ஏமாந்து போவீர்கள். ஒவ்வொருவரோடும் ஐந்து நிமிடம் பேசிப் பாருங்கள்: வீடு, வேலை, நேற்று என்ன செய்தார், அடுத்த ஓணத்துக்கு என்ன திட்டம். நேற்றையும் நாளையையும் எப்படிச் சமாளிக்கிறார் என்பதிலேயே படி தெரிந்துவிடும். செல்டாவில் குறைந்தது இரண்டு வேறு நிலை மாணவர்களுக்குக் கற்பித்தாக வேண்டும் என்பது விதி. நீங்களும் இரண்டு குழுவாகப் பிரித்து, பாதி வழியில் மாறிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கூப்பிடும் முறை. வெளிநாட்டுப் பயிற்சிகளில் எல்லாருக்கும் பெயர் அட்டை மாட்டி வெறும் பெயரால் அழைக்கச் சொல்வார்கள். இருபத்துநாலு வயதுப் பெண் ஐம்பத்தைந்து வயது மளிகைக்கடைக்காரரைச் சாலைத் தெருவில் அப்படிக் கூப்பிட்டால், அடுத்த வகுப்புக்கு அவர் வரமாட்டார். ஆங்கில வாக்கியத்துக்குள்ளேயே அண்ணாச்சி, சேச்சி, சேட்டன் இருக்கட்டும். மொழிக்கு அதனால் ஒரு கேடும் வராது. அவர்கள் உங்களை 'சார்', 'டீச்சர்' என்று அழைப்பதையும் தடுக்காதீர்கள்.

ஒரு மணி நேரத்தை நெய்வது

எடுத்துக்காட்டாக ஒரு பாடம். பத்மநாபசுவாமி கோயிலுக்குள் போக ஆண்கள் வேட்டி கட்டி மேல்சட்டை இல்லாமல் இருக்க வேண்டும். பெண்கள் சேலையில் வர வேண்டும், சுடிதார் என்றால் அதன்மேல் வேட்டியைச் சுற்றிக்கொள்ள வேண்டும். கைபேசிக்கும் கேமராவுக்கும் உள்ளே இடமில்லை. இதைத் தெரியாமல் ஜீன்ஸும் பையுமாக வந்து நிற்பவரிடம் விளக்குவதுதான் வாசலில் இருப்பவர்களின் தினசரி வேலை.

புதிதாகக் கற்பிக்க வருகிறவர் இந்தப் பாடத்தைப் போர்டில் 'மஸ்ட்', 'ஷுட்', 'கேன்' என்று எழுதி, இவை துணைவினைகள் என்று தொடங்குவார். அப்படி வேண்டாம். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் சொல்லித்தராதீர்கள். நீங்களே பயணியாக மாறி, கைபேசியைக் காதில் வைத்தபடி அறைக்குள் நுழையுங்கள். அவர்கள் உங்களைத் தடுக்கட்டும். "நோ பேன்ட்", "மொபைல் நோ", "தேர் மனி" என்று ஏதேதோ வரும். சிரிப்பும் வரும். பின்னால் இருப்பவர் அத்தனையையும் எழுதிக்கொள்ள வேண்டும். இவர்களால் என்ன முடியும், எது முடியவில்லை என்பது இப்போது உங்கள் கையில் இருக்கிறது.

அடுத்த பதினைந்து நிமிடம் அவர்கள் சொல்ல நினைத்ததற்குச் சொற்கள் கொடுங்கள். மூன்று, மிஞ்சினால் நான்கு வாக்கியம். "யூ'ல் நீட் அ முண்டு." "யூ கான்ட் டேக் யுவர் ஃபோன் இன்சைட்." "யூ கேன் லீவ் இட் ஹியர்." 'யூ மஸ்ட்' என்பது கடைக்காரர் வாயில் அதட்டலாக விழும் என்பதை நடித்துக்காட்டினால் போதும், விளக்க வேண்டாம். அவர்களுக்கு வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவது என்று உங்களைவிட நன்றாகத் தெரியும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். பெரியவர்கள் மானம் கருதி ஆமாம் என்றுதான் சொல்வார்கள். புரிந்ததா என்று சோதிக்கும் கேள்வி வேறு மாதிரி இருக்க வேண்டும்: அவர் கைபேசியோடு உள்ளே போகலாமா? கைபேசி எங்கே இருக்கும்? திரும்பி வரும்போது கிடைக்குமா? ஒற்றைச் சொல்லில் பதில் வந்தால் போதும், புரிந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். பயிற்சியில் மிகக் கடினமான வேலை இந்தக் கேள்விகளை முன்கூட்டியே எழுதிவைப்பதுதான். வகுப்பில் நின்றுகொண்டு உடனே யோசித்தால் வராது.

பிறகு பத்து நிமிடம் வாய்ப் பழக்கம். எல்லாரும் சேர்ந்து உரக்கச் சொல்வது சின்னப் பிள்ளைகளுக்குச் சரி; நாற்பது வயது ஆண்கள் வெட்கப்படுவார்கள். பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுக்கச் சொல்லுங்கள், பிறகு சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம். அடுத்த இருபது நிமிடம் இருவர் இருவராக. ஒருவர் கடைக்காரர், ஒருவர் பயணி. பயணியின் கையில் ஒரு சீட்டு: சுடிதார் போட்ட வயதான அம்மா, தோளில் குழந்தையும் கழுத்தில் கேமராவுமாக ஒருவர், நடை சாத்த இன்னும் பத்து நிமிடம்தான் என்று பதறுபவர். மூன்று முறை ஆளை மாற்றுங்கள். ஒரே வாக்கியத்தை மூன்று வெவ்வேறு முகங்களிடம் சொல்லும்போதுதான் அது சொந்தமாகிறது. அந்த இருபது நிமிடமும் நீங்கள் பேசக்கூடாது. நடந்து, கேட்டு, எழுதிக்கொள்ளுங்கள். கடைசிப் பத்து நிமிடம் போர்டில் நல்ல வாக்கியம் மூன்று, திருத்த வேண்டியது மூன்று. யார் சொன்னது என்று பெயர் வேண்டாம்.

செய்யவிட்டுப் பிறகு மொழி கொடுப்பது என்ற இந்த வரிசை மேல்நாட்டுச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். மொழிக் கல்வியாளர் என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் நடத்திப் பார்த்த 'பெங்களூர்த் திட்டம்' உலக அளவில் பேசப்பட்ட சோதனை. இலக்கணத்தை வரிசைப்படுத்திச் சொல்லித்தராமல், கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றை வைத்து வேலை கொடுத்தார். வேலையில் மனம் மூழ்கும்போது மொழி தானாகப் பதியும் என்பது அவர் கருத்து. வேலைகளை மூன்றாகப் பிரித்தார்: ஒருவரிடம் இருக்கும் தகவல் மற்றவரிடம் இல்லாதது, தெரிந்ததிலிருந்து தெரியாததை ஊகிப்பது, ஆளுக்கொரு கருத்துச் சொல்வது. முதல் வகைக்குக் கிழக்கேகோட்டைப் பேருந்து நிலையமே போதும். ஒரு தாளில் சில பேருந்துகளின் நேரம், இன்னொரு தாளில் மற்றவற்றின் நேரம்; தாளைக் காட்டாமல் கேட்டுக் கேட்டு நிரப்ப வேண்டும். பிரபு இதைப் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்தார். வாழ்க்கையில் நிஜமாகவே பஸ்ஸைத் தவறவிட்டுப் பழகிய பெரியவர்களிடம் இது இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்பது என் எண்ணம். அவரே 1990-இல் எழுதிய கட்டுரையில், எல்லாருக்கும் சிறந்த முறை என்று ஒன்று கிடையாது, ஆசிரியருக்குத் தன் வகுப்பில் எது பலிக்கும் என்ற உள்ளுணர்வு உயிரோடு இருப்பதே முக்கியம் என்று வாதிட்டார். இந்தப் பாடத்தை அப்படியே காப்பியடிக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கும் அதுவே காரணம்.

காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்

செல்டா வகுப்பில் ஒலியியல் சொல்லித்தருவார்கள். ஆனால் தமிழர் நாக்கும் மலையாளி நாக்கும் எங்கே சறுக்கும் என்பது லண்டன் புத்தகங்களில் அதிகம் இராது. அதை நீங்கள்தான் கேட்டுக் கேட்டுத் தொகுக்க வேண்டும். சாலைத் தெருவின் பெயர்ப்பலகைகளே முதல் பாடம். தமிழில் 'டாக்டர்', 'காலேஜ்', 'ஆபீஸ்' என்று ஆகாரமாக வரும் அதே சொற்கள் மலையாளத்தில் 'டோக்டர்', 'கோளேஜ்', 'ஓபீஸ்' என்று ஓகாரமாகின்றன. ஆங்கிலத்தில் இருப்பது இரண்டுக்கும் நடுவே. ஆக ஒரே வகுப்பில் அண்ணாச்சிக்கு ஒரு திசையிலும் சேச்சிக்கு எதிர்த் திசையிலும் இழுக்க வேண்டியிருக்கும்.

தமிழ் எழுத்தில் பகரத்துக்கு ஒரே வடிவம் என்பதால் 'பே' என்றால் கூலியா வளைகுடாவா என்று தமிழருக்குச் சிக்கல் வரும். வர்க்க எழுத்து நான்கும் படித்த மலையாளிக்கு அந்தத் தொல்லை குறைவு. 'சிம்ப்ளி' என்பது 'சிம்பிளி'யாக, அதுவும் பகரம் மெலிந்து ஒலிப்பது மலையாளிகளைப் பற்றிய பழைய கேலி. மெல்லினத்துக்குப் பின் வல்லினம் மெலிவது தமிழிலும் இயல்புதான். 'கம்பு', 'பந்து' என்று சொல்லிப் பாருங்கள். 'எக்' என்பது 'யெக்' ஆவது, 'ஒன்லி' என்பது 'வொன்லி' ஆவது, 'பஸ்' முடிவில் ஓர் உகரம் ஒட்டிக்கொள்வது இவையெல்லாம் தமிழ்ப் பக்கத்துப் பழக்கம்.

இதில் எதைத் திருத்துவது? கேட்பவருக்குப் புரியாமல் போவதை மட்டும். 'யெக்' என்றாலும் முட்டை கிடைத்துவிடும், விட்டுவிடுங்கள். 'தர்ட்டீன்', 'தர்ட்டி' மாறினால் காசு மாறும். அதை அன்றைக்கே திருத்துங்கள். எந்த அசையை அழுத்துவது என்பது நம் மொழிகளில் பொருளை மாற்றாததால் நமக்குக் காதில் விழாது. ஆங்கிலேயருக்கு அதுதான் முதலில் விழும். எண்களையும் விலைகளையும் வைத்து அழுத்தத்தைப் பழக்குவது கடைக்காரர்களிடம் உடனே பலன் தரும்.

இலக்கணத்திலும் இதே விதி. மலையாளத்தில் 'வந்நு' என்றால் நான், அவன், அவள் எல்லாருக்கும் பொது. வினைமுற்றில் ஆளைக் காட்டும் வழக்கம் இல்லை. 'ஷீ கோ' என்று அவர்கள் சொல்வதில் வியப்பில்லை. 'வருகிறான், வருகிறாள்' என்று ஆளுக்கு ஆள் மாற்றும் தமிழரும் அதே தப்பைத்தான் செய்கிறார்கள். எனவே எல்லாப் பழியையும் தாய்மொழிமேல் போட முடியாது. யார் பேசினாலும் கடைசியில் படியும் சங்கதி அது. அவசரப்படாதீர்கள்.

தாய்மொழியை வகுப்பில் எவ்வளவு விடலாம்? பல நாட்டவர் ஒரே அறையில் இருக்கும் லண்டன் வகுப்பில் ஆங்கிலம் மட்டும் என்பதற்கு நியாயம் இருந்தது. இங்கே எல்லாருக்கும் மலையாளமோ தமிழோ தெரியும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த சுரேஷ் கனகராஜா தம் 1999-ஆம் ஆண்டு நூலில் ஒன்றைக் காட்டியிருக்கிறார். அமெரிக்கப் பாடநூலின் அந்நியமான காட்சிகளுக்குப் பக்கத்தில் மாணவர்கள் தங்கள் உலகத்தை ஓரங்களில் கிறுக்கிவைத்திருந்தார்கள். வகுப்பில் வாய்திறந்து எதிர்க்காதவர்கள் ஓரத்தில் எதிர்த்தார்கள். இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: வேலையை விளக்க ஆங்கிலத்தில் மூன்று நிமிடம் தடுமாறுவதைவிட மலையாளத்தில் ஒரு வரி சொல்வது மேல். வேலை தொடங்கிய பிறகு ஆங்கிலம் மட்டும்.

பார்ப்பவரின் தாள்

பின்பெஞ்சில் இருப்பவர் சும்மா இருக்கக் கூடாது. தாளில் கட்டம் போட்டு முப்பது நொடிக்கு ஒரு முறை யார் பேசுகிறார் என்று குறிக்க வேண்டும்: ஆசிரியர் என்றால் 'ஆ', மாணவர் என்றால் 'மா', யாரும் பேசவில்லை என்றால் ஒரு கோடு. இருபது நிமிடத்தில் நாற்பது குறி. முதல் வகுப்பில் 'ஆ' வரிசையாக நிற்பதைப் பார்த்து மனம் சோர்வது வழக்கம். ஆறு மணி நேரம் முடியும்போது 'மா' பாதிக்கு மேல் வந்திருந்தால் பயிற்சி பலித்தது. கோடுகளும் நல்லவையே. கேள்வி கேட்டுவிட்டு ஐந்து நொடி காத்திருக்கத் தெரிந்தவர் வகுப்பில்தான் கோடு விழும்.

பாடம் முடிந்ததும் பேசும் ஒழுங்கு முக்கியம். நடத்தியவர் முதலில் பேசட்டும்: எது ஓடியது, எது ஓடவில்லை. பிறகு பார்த்தவர் தாம் கண்டதை மட்டும் சொல்ல வேண்டும். "நல்லா இருந்துச்சு" என்பதில் ஒன்றும் இல்லை. "பத்தாவது நிமிஷம் ஓரத்து சேச்சி கேள்வி கேட்கக் கையத் தூக்குனாங்க, நீங்க போர்டைப் பாத்துட்டு இருந்தீங்க" என்பதில் எல்லாம் இருக்கிறது.

நான்கில் ஒரு வகுப்பையாவது அனுபவசாலி ஒருவர் பார்க்கட்டும். பாளையத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலத் துறை இருக்கிறது. 1969-இல் சென்னையில் தொடங்கப்பட்ட இந்திய ஆங்கில ஆசிரியர் சங்கமான எல்டாய் மூலமாகவும் ஆள் கிடைக்கலாம். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியரை அழைத்தால் தாளை முதலிலேயே கையில் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு மணி நேரமும் உங்கள் போர்டு எழுத்தில் பிழை தேடிக்கொண்டிருப்பார்.

டிரினிட்டியின் பயிற்சியில் எனக்குப் பிடித்த ஒரு பகுதி உண்டு. தமக்குத் துளியும் தெரியாத ஒரு மொழியை, நான்கு மணி நேரம், அந்த மொழியிலேயே கற்றுப் பார்க்க வேண்டும். மாணவர் நாற்காலியில் உட்கார்ந்தால் எப்படி வியர்க்கும் என்பதைக் காட்டவே இது. சாலைத் தெருவில் வங்காள மொழி பேசுபவருக்குப் பஞ்சமில்லை. நான்கு ஞாயிறுகளில் உங்கள் நால்வருக்கும் அந்த மொழியைச் சொல்லித்தர ஒருவரைக் கேளுங்கள். பதிலுக்கு அவருக்கு ஆங்கிலம். மறுவாரமே வகுப்பில் நீங்கள் பேசும் வேகம் குறைந்திருக்கும்.

நர்சுகள் வந்து கேட்டால்

நீங்கள் ஆங்கில வகுப்பு நடத்துகிறீர்கள் என்று தெரிந்தால், வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலத் தேர்வுகளான ஓ.இ.டி., ஐ.இ.எல்.டி.எஸ். சொல்லித்தருவீர்களா என்று நர்சுகள் கேட்டு வருவார்கள். கேரளத்தில் பெரியவர்கள் பணம் கொடுத்து ஆங்கிலம் படிப்பது பெரும்பாலும் இதற்காகத்தான். தைக்காடு மேட்டுக்கடையில், வெளிநாட்டு மலையாளிகளுக்கான அரசு அமைப்பான நோர்க்காவின் அயல்மொழி நிறுவனம் 2022 முதல் அரசுத் தரப்பில் இதையே நடத்துகிறது. ஓ.இ.டி.யில் நர்ஸ் எழுத வேண்டியது 180 முதல் 200 சொற்களில் ஒரு கடிதம், பெரும்பாலும் ஒரு நோயாளியை இன்னொருவர் பொறுப்பில் ஒப்படைப்பது. பேச்சுத் தேர்வில் ஏறக்குறைய ஐந்து நிமிட நடிப்பு இரண்டு. நோயைப் பற்றி உங்களைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும். எந்தத் தகவலை விடுவது, பயந்துபோன நோயாளியிடம் எந்தத் தொனியில் பேசுவது, இவைதான் உங்கள் பங்கு. கோயில் வாசல் பாடத்தில் பழகிய அதே வித்தை இங்கேயும் செல்லும். ஆனால் அவர்களுடைய தேர்வுக் கட்டணமும் வெளிநாட்டு வேலையும் உங்கள் கையில் இருக்கிறது என்பதால், ஆறு மணி நேரம் முடியும்முன் இந்த வேலையை எடுக்காதீர்கள்.

நாள் குறித்தல்

கம்போளத்து ஆட்களுக்குக் காலை ஏழு மணியோ மதியம் இரண்டு மணிக்கு மேலோதான் ஒத்துவரும். மாலையில் வியாபாரம் சூடுபிடித்தால் யாரும் வரமாட்டார்கள். கும்ப மாதத்தில் ஆற்றுக்கால் பொங்காலை அன்று இந்தப் பகுதித் தெருவெல்லாம் அடுப்பாகிவிடும். பங்குனியிலும் ஐப்பசியிலும் கோயிலின் ஆறாட்டு ஊர்வலம். ஓணத்துக்கு முந்தைய இரண்டு வாரம் ஜவுளிக்கடைக்காரர்கள் தலைநிமிர முடியாது. இவற்றை விட்டுவிட்டு, நால்வருக்கும் ஆளுக்கு ஆறு மணி நேரம் வரும்படி பன்னிரண்டு வாரம் கணக்குப் போடுங்கள். தொடங்குவதற்கு விஜயதசமியைவிட நல்ல நாள் இங்கே இல்லை. பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி கோட்டைக்கு வந்து அமரும் நவராத்திரி முடிந்து, குழந்தைகளுக்கு வித்யாரம்பம் நடக்கும் அன்று, ஐம்பது வயதுக்காரர் நோட்டுப் புத்தகத்தோடு வருவதற்கும் கூச்சப்படமாட்டார்.

பார்ப்பவர் எழுதிய தாள்கள் ஒன்றையும் எறியாதீர்கள். செல்டா நேர்காணலிலும், பயிற்சி நிலையத்தில் வேலை கேட்கும்போதும், வகுப்பு எடுத்த அனுபவம் உண்டா என்ற கேள்விக்கு இவைதான் பதில். முதல் வகுப்புக்கு ஆறு பேர் வந்தால் போதும். அந்த ஆறு மணி நேரத்தையும் யாராவது உட்கார்ந்து பார்த்து முடிக்கும்வரை மாணவர்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள்.